மிஸ், அவரு அங்கிள் இல்ல, மாமா

சொன்னவளுக்கு ஏழு வயது. இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் விழுந்த வாய். மீசை வைத்த ஆள் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டி, 'அங்கிள்' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, "உன் அங்கிள் பேரு என்ன?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை, எதிர்வீட்டுக்காரர் பேரைச் சொன்னாள்.

"அவரில்லம்மா, உங்கம்மாவோட தம்பி இருக்காரே, அவரு."

"மிஸ், அவரு அங்கிள் இல்ல. மாமா."

குரலில் கொஞ்சம் கோபம். பின்னே, மாமாவைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் உட்காரவைத்துவிட்டேனே.

அப்புறம் யோசித்தால் அவள் சொன்னதில் பிழையே இல்லை. நம் பிள்ளைகளுக்கு அங்கிள், ஆன்ட்டி ரெண்டும் ஆங்கில வார்த்தைகள் அல்ல, தமிழ் வார்த்தைகள். தமிழில் அவற்றுக்கு அர்த்தமும் தனி: சொந்தம் இல்லாதவர், ஆனாலும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாத பெரியவர். அப்பாவின் சிநேகிதர் அங்கிள், பக்கத்து வீட்டுக்காரர் அங்கிள், வழி கேட்க வண்டியை நிறுத்துகிறவரும் அங்கிள். சொந்தமில்லை என்று காட்டவே வைத்திருக்கிற சொல்லைச் சொந்த மாமனுக்கு வை என்றால் எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்?

நான் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசச் சொல்லித்தருகிறவள். இப்போது 11 பேர் வருகிறார்கள், எல்லாம் ஆறு முதல் எட்டு வயது. எந்தப் பாடப்புத்தகத்தை எடுத்தாலும் நிறம், எண் முடிந்த கையோடு குடும்பம் வந்துவிடும். பக்கம் முழுக்க ஒரு படம், அப்பா, அம்மா, பையன், பொண்ணு, கைத்தடியோடு தாத்தா, கண்ணாடி போட்ட பாட்டி. கீழே பத்துப் பன்னிரண்டு வார்த்தை. சுலபமான பாடம் என்று நானும் பல வருஷம் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு வகுப்பில் முடித்துவிட்டு விலங்குகளுக்குப் போய்விடுவேன்.

அன்று ராத்திரி சொற்பிறப்பு அகராதியை விரித்து உட்கார்ந்தேன். அங்கிள் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'அவுங்குலுஸ்'. அதற்கு அர்த்தம் அம்மாவின் சகோதரன், வேறு யாரும் இல்லை. ஆன்ட் வந்தது 'அமித்தா' என்பதிலிருந்து, அப்பாவின் சகோதரி. தாய்மாமனும் அத்தையும்! பெரியப்பா சித்தப்பாவுக்கு லத்தீனில் 'பத்ரூஸ்' என்று தனிச் சொல், பெரியம்மா சித்திக்கு 'மாதெர்தெரா' என்று தனிச் சொல். பழைய ஆங்கிலமும் இப்படித்தான் பிரித்து வைத்திருந்தது, தாய்மாமனுக்கு ஒரு வார்த்தை, அப்பாவின் அண்ணன் தம்பிக்கு வேறு வார்த்தை. 1066-ல் நார்மன்கள் வந்தார்கள், அவர்களோடு பிரெஞ்சும் வந்தது, போகப்போகப் பழைய சொற்கள் உதிர்ந்து அங்கிளும் ஆன்ட்டும் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டன. ஆக, என் பொக்கைவாய்க்காரியின் மாமாதான் அசல் அங்கிள். எதிர்வீட்டுக்காரர் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர்.

இதை ஏழு வயதுப் பிள்ளையிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. எனக்குத்தான் ஒரு திருப்தி. ஆனால் அதற்குப் பிறகு குடும்பப் பாடத்தில் பிள்ளைகள் செய்கிற தப்புகளை உடனே அடித்துத் திருத்தாமல், ஒரு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். எழுத எழுத ஒன்று புரிந்தது. அவை வார்த்தை தெரியாமல் செய்கிற தப்புகள் இல்லை. தன் குடும்பத்தைப் பற்றிப் பிள்ளைக்குத் தெரிந்தது அதிகம், நாம் கொடுக்கிற வார்த்தை குறைவு. மிச்சத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் திண்டாடுகிறார்கள்.

நோட்டின் முதல் பக்கத்திலிருந்து ஒன்று: "மை பிக் ஃபாதர் இஸ் கமிங். மை ஸ்மால் ஃபாதர் இஸ் நாட் கமிங்." பெரியப்பா வருகிறார், சித்தப்பா வரவில்லை. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை, எல்லாருக்கும் அது சரியான வாக்கியமாகவே பட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற மானிடவியலாளர், அப்பாவின் உடன்பிறந்தானையும் அப்பா என்றே சொல்கிற வழக்கத்தைச் செனகா என்ற பூர்வகுடி மக்களிடம் பார்த்து வியந்து, அதே முறை தமிழிலும் இருப்பதைக் கண்டுபிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1871-ல் பெரிய புத்தகமாகவே போட்டார். அவர் பக்கம் பக்கமாக எழுதியதை என் மாணவன் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

அடுத்தது சிஸ்டர். ஆங்கிலம் பேசுகிற பிள்ளை மூத்தவளா இளையவளா என்று யோசிக்காமலே 'மை சிஸ்டர்' என்று சொல்லிவிட்டுப் போகும். தமிழில் அது முடியாது. வாயைத் திறந்ததுமே அக்காவா தங்கச்சியா என்று சொல்லியாக வேண்டும். சகோதரி என்று ஒரு சொல் இருக்கிறதே என்பீர்கள். எந்தப் பிள்ளை வீட்டில் சகோதரி என்று சொல்கிறது? அதனால் சிஸ்டர் என்ற சொல்லை மட்டும் கொடுத்தால் அவர்களுக்கு அரைகுறையாகத்தான் இருக்கும். முதல் நாளே 'பிக் சிஸ்டர்', 'லிட்டில் சிஸ்டர்' என்று சேர்த்தே கொடுத்துவிடுகிறேன். எல்டர், யங்கர் எல்லாம் எழுத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஏழு வயது வாய்க்கு பிக்கும் லிட்டிலும் போதும். வகுப்பில் இரட்டைப் பிறவிகள் இருவர். இவர்களுக்கு எப்படி என்று பார்த்தேன். ஒருத்தி எழுந்து நின்றாள். "ஷி இஸ் மை பிக் சிஸ்டர்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஃபைவ் மினிட்ஸ்."

'நீ எத்தனையாவது பிள்ளை?' இதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்று ஒருவன் கேட்டான். தமிழ் படித்தவர்கள் எல்லாரும் வாழ்நாளில் ஒருமுறையாவது முட்டிக்கொண்ட கேள்வி. ஒரே மூச்சில் கேட்க ஆங்கிலத்தில் வழியில்லை, 'ஆர் யூ த ஃபர்ஸ்ட்? த செகண்ட்?' என்று சுற்றித்தான் கேட்க வேண்டும் என்றேன். "அப்ப இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை கம்மியா மிஸ்?" என்றான், ரொம்ப சந்தோஷமாக.

மரியாதை இன்னொரு தொல்லை. "மை ஃபாதர், தே ஆர் ஸ்லீப்பிங்." அப்பா ஒருத்தர்தானே, ஏன் 'தே' என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். 'அவங்க தூங்குறாங்க' என்பதைத்தான் அப்படியே கொண்டு வந்திருக்கிறது. 'ஹி' என்று சொல் என்றேன். "அப்பாவை அவன்னு சொல்லச் சொல்றீங்களா மிஸ்?" நல்ல கேள்வி. ஹி என்றால் அவன் என்று நானேதான் இரண்டு வாரம் முன்னால் சொல்லிக்கொடுத்திருந்தேன். இப்போதெல்லாம் ஹி, ஷி இரண்டையும் தமிழில் பெயர்த்துச் சொல்வதையே விட்டுவிட்டேன். முதல் நாள் பொம்மைப் பையனையும் தாத்தா படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டுக்கும் 'ஹி' சொல்ல வைப்பதோடு சரி. சின்னவனுக்கும் பெரியவருக்கும் ஒரே சொல் என்று கண்ணால் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்புறம் 'எங்கம்மா'. கூடப்பிறந்தவர் யாருமே இல்லாத பிள்ளைகூட "அவர் மதர்" என்றுதான் ஆரம்பிக்கும். (தமிழ் எழுத்தில் எழுதினால் 'அவர்' என்றாகி மரியாதையும் சேர்ந்துவிடுகிறது, அது வேறு வேடிக்கை.) என் அம்மா என்று நாம் பேச்சில் சொல்வது அபூர்வம், எங்கம்மாதான். ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் கேட்கிறவர் 'யார் யாருக்கு அம்மா?' என்று தேடுவார். 'மை' என்று மாற்றச் சொல்லும்போது பிள்ளைகளுக்கு ஒரு சின்ன கூச்சம் வருவதைப் பார்த்திருக்கிறேன். தம்பி பக்கத்தில் இருக்கும்போது 'மை மதர்' என்றால் சண்டையே வரும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன 'ஸ்'. ஃபாதர்ஸ், மதர்ஸ் என்று உடைமையைக் காட்டுகிற அந்த ஸ். பேச்சுத் தமிழில் 'அப்பா பேரு', 'அம்மா வண்டி' என்றால் போதும், உருபு மறைந்து நிற்கும், வேற்றுமைத் தொகை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே அதுதான். அதனால் "மை ஃபாதர் நேம்" என்று சொல்லும்போது ஏதோ விட்டுப்போன உணர்வே பிள்ளைக்கு வராது. தமிழ்ப் பிள்ளை என்பதால் மட்டும் இல்லை. ஹெய்டி டுலே, மரீனா பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1974-ல் ஒன்றை வெளியிட்டார்கள். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள், சீனம் பேசும் பிள்ளைகள் என இரு கூட்டத்தையும் எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தின் சின்னச் சின்ன இலக்கணத் துணுக்குகளில் எது முதலில் படிகிறது, எது பிந்திப் படிகிறது என்று பார்த்தார்கள். தாய்மொழி வேறு வேறாக இருந்தும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. அந்த வரிசையின் வால்பகுதியில் இருந்தவை இந்த உடைமை ஸ்-ஸும், 'ஷி குக்ஸ்', 'ஹி டிரைவ்ஸ்' என்று வினையில் வருகிற ஸ்-ஸும்.

இப்போது குடும்பப் பாடத்தைப் பாருங்கள். "மை மதர்ஸ் நேம் இஸ்..." "ஷி வொர்க்ஸ்..." கடைசியாகப் படிகிற இரண்டும் முதல் இரண்டு வாக்கியத்திலேயே வேண்டியிருக்கிறது! சுலபம் என்று மூன்றாவது பாடமாக வைத்திருக்கிறார்கள். நான் வினை ஸ்-ஸை அப்படியே விட்டுவிடுகிறேன். "ஷி வொர்க்" என்றால் தலையாட்டிவிட்டு, "ஓ, ஷி வொர்க்ஸ்!" என்று நான் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வேன், அவ்வளவுதான். அது வருகிறபோது வரட்டும். உடைமை ஸ்-ஸை விட மாட்டேன். ஏனென்றால் ஆங்கிலத்தில் இல்லாத எல்லா உறவையும் அந்த ஒன்றை வைத்துக் கட்டிவிடலாம். மதர்ஸ் பிரதர், ஃபாதர்ஸ் பிக் பிரதர், மதர்ஸ் லிட்டில் சிஸ்டர். மாமா, பெரியப்பா, சித்தி எல்லாரும் தனித்தனியாக எழுந்து நிற்பார்கள்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி பொத்தான். எங்கள் வீட்டில் ஒரு பழைய தகர டப்பா நிறையப் பொத்தான் கிடந்தது, சட்டைப் பொத்தான், கோட்டுப் பொத்தான், குழந்தைச் சட்டையின் பூப்போட்ட பொத்தான். அதைத் தரையில் கொட்டி, ஆளுக்கொரு வெள்ளைத் தாள் கொடுத்து, "உங்க ஆளுங்களை எடுத்துக்கோங்க" என்றேன். அத்தனை அமைதியாக இந்த வகுப்பை நான் பார்த்ததே இல்லை. ஒரு பையன் தாத்தாவுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புக் கோட்டுப் பொத்தானைத் தேடி எடுத்தான். போன மாதம் பிறந்த தங்கைக்கு நூல் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு குட்டி வெள்ளைப் பொத்தான். நூலைப் பிய்க்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்று தடுத்துவிட்டான். அப்பா பொத்தானையும் அம்மா பொத்தானையும் தாளில் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தான். யார் யாருக்குப் பக்கத்தில் என்பதில் அவனுக்கு ஏதோ கணக்கு இருந்தது, நான் கேட்கவில்லை.

பிறகு பக்கத்தில் இருப்பவன் ஒரு பொத்தானைத் தொட்டு "ஹூ இஸ் திஸ்?" என்று கேட்க வேண்டும். பதில் சொல்கிறவன் விரலை அம்மா பொத்தானில் வைத்து 'மை மதர்ஸ்' என்று சொல்லி, அங்கிருந்து கோடு போல விரலை இழுத்துக்கொண்டு போய் மாமா பொத்தானில் நிறுத்தி 'பிரதர்' என்று முடிக்க வேண்டும். விரல் போகிற பாதைதான் ஸ். பலகையில் எழுதிப் போட்டு நான் ஒரு மாதம் கத்தியும் ஏறாதது, விரலை இழுத்ததில் ஏறிவிட்டது. ஸ் விட்டுப்போனால் "விரல் நகரலையே!" என்று அவர்களே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள்.

பொத்தானுக்கு வந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில வருஷம் முன்னால் நான் அச்சுத் தாள்தான் கொடுப்பேன். நாலு கட்டம், மேலே ஃபாதர், மதர், பிரதர், சிஸ்டர் என்று போட்டிருக்கும், கீழே பேர் எழுத வேண்டும். ஒரு பையன் ஃபாதர் கட்டத்தில் பக்கத்துப் பையனின் அப்பா பேரை அப்படியே பார்த்து எழுதியிருந்தான். காப்பியடிக்கிறான் என்று நினைத்து, "இது அவங்கப்பா பேராச்சே, உங்கப்பா பேரை எழுது" என்று சத்தமாகச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். சாயங்காலம் கூட்டிப்போக வந்த அவனுடைய பாட்டி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அவனைச் செருப்பு மாட்ட அனுப்பிவிட்டு என்னிடம் இரண்டே வாக்கியம் சொன்னார். அவனுக்கு அந்தப் பேர் தெரியாது. தெரியவேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள்.

கட்டம் போட்ட தாளை அன்றோடு நிறுத்தினேன். இப்போது என் முதல் கேள்வி அப்பா பேர் என்ன, அம்மா பேர் என்ன என்பது இல்லை. "ஹூ இஸ் அட் ஹோம்?" வீட்டில் யார் யார்? பாட்டி மட்டும் என்றால் பாட்டி மட்டும். நாய் என்றால் நாய். எத்தனை பொத்தான் எடுப்பது என்பது எடுக்கிறவர் இஷ்டம். ஒருத்தி ஒரு பழுப்புப் பொத்தானைத் தாளுக்கு வெளியே, தரையில் வைத்திருந்தாள். தாத்தாவாம், போன வருஷம் போய்விட்டாராம். "இருந்தாருன்னு எப்படி மிஸ் சொல்றது?" இறந்தகாலப் பாடம் இன்னும் ஏழெட்டு வாரம் தள்ளி இருந்தது. 'வாஸ்' என்ற ஒரு வார்த்தையை அவளுக்கு மட்டும் அன்றைக்கே கொடுத்தேன். அதை அவள் இன்றுவரை தப்பாகச் சொன்னதில்லை.

மற்றபடி சில்லறை விஷயங்கள். பாட்டாகப் பாடி உறவுப் பேர்களை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாட்டு வரும், வார்த்தை வராது. 'பிரதர்' வேண்டும் என்றால் முதல் அடியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிற்பார்கள். 'ஃபாதர்' பாதர் ஆகாமல் இருக்க மேல்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஊதச் சொன்னால் போதும். 'மதர்' பற்றிக் கவலையே வேண்டாம், 'அது' என்பதில் வருகிற 'து' நமக்குப் பழகிய ஒலி. நெவ்யூ, நீஸ் இரண்டையும் நான் சொல்லித்தருவதே இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அக்கா பிள்ளை எங்கிருந்து வரும்? அந்தப் பட்டியலைப் போட்டவர் பிள்ளைகளை நினைத்துப் போடவில்லை, தன் அகராதியை நினைத்துப் போட்டிருக்கிறார். கஸினுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: 'கஸின் பிரதர்' என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லித்தான் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். நான் திருத்துவதில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லாமல் விடுவது நம் வாய்க்கு வராத பழக்கம், அதற்குப் பிள்ளையை ஏன் குற்றம் சொல்ல?

பொக்கைவாய்க்காரியிடம் அங்கிள் என்ற சொல்லை நான் மறுபடி வற்புறுத்தவில்லை. "ஹி இஸ் மை மதர்ஸ் பிரதர். ஐ கால் ஹிம் மாமா." இப்படிச் சொல்லலாம் என்றேன். "மாமான்னு இங்கிலீஷ்ல சொல்லலாமா மிஸ்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பேர் சொல்கிற மாதிரிதான், கூப்பிடுவது என்னவோ அதைத்தானே சொல்கிறாய் என்றேன்.

போன வியாழக்கிழமை அவளைக் கூட்டிப்போக அம்மாவுக்குப் பதில் ஓர் இளைஞர் வந்து வாசலிலேயே தயங்கி நின்றார். இவள் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். "மிஸ், ஹி இஸ் மை மதர்ஸ் பிரதர்." பல் இல்லாத இடைவெளியில் அந்த ஸ் ஒரு விசில் மாதிரி வந்தது. "ஐ கால் ஹிம் மாமா." அவருக்கு வெட்கம், என்னைப் பார்த்து வணக்கம் வைத்தார். அவள் விடவில்லை. அவர் பக்கம் திரும்பி என்னைக் காட்டினாள்.

"திஸ் இஸ் அவர் மிஸ்."

'மை' என்று திருத்த வாயெடுத்தேன். பின்னால் பத்துப் பேர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். 'அவர்' சரிதான்.